பூவாத்தாளும் சிப்பிப்பாறை நாயும்

நாயைப் பட்டினி போட்ட பாவி என்று பூவாத்தாளைச் சொல்கிறார்களே, அவள் கூழ் காய்ச்சியதை ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருப்பார்களா? நல்லூர்க்காரர்களுக்கு எலும்பு தெரிந்தால் பஞ்சம், தொந்தி தெரிந்தால் வசதி. சிப்பிப்பாறை நாய்க்கு அது ஆகாது. கடைசி விலா எலும்புகள் தெரிய, வயிறு ஒட்டி இருந்தால்தான் அது வேட்டைநாய்.

சாத்தூர்ப் பக்கம் பஞ்சு வாங்கப் போன அவளுடைய பல்லடத்து அண்ணன் மணியன் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த செவலைக் குட்டி. அதற்குக் காலையில் கம்பங்கூழும் மோரும், சாயந்திரம் ராகிக்களியும் முட்டையும். தின்றதும் ஓட விடமாட்டாள். உள்ளங்காலுக்கு விளக்கெண்ணெய், உண்ணிக்கு வேப்பெண்ணெய். மெல்லிய தோல் குளிர் தாங்காது என்று மார்கழியில் தன் போர்வையில் பாதி கொடுப்பாள். விடியலில் அறுவடையான சோளக்காட்டில் அவிழ்த்துவிட்டால், முயல் திரும்பும் முன்னே அது திரும்பியிருக்கும். புருஷனை இழந்தவள் அதைப் பார்த்துத்தான் வாய்விட்டுச் சிரிப்பாள்.

பக்கத்து வீட்டு வேலாத்தாளுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க்கா, வாயில்லாச் சீவன். எலும்பை எண்ணிப்போடலாமாட்ட இருக்குதுங்க."

"எண்ணித்தான் வெச்சிருக்கேன் வேலா. சோறு மிஞ்சுனா உன்ற ஊட்டுக்காரருக்குப் போடு."

அந்நியர் கையால் தின்னாத நாய்தான். ஆனால் வேலாத்தாளை அதற்குக் குட்டியிலிருந்தே தெரியும். மாரியம்மன் பொங்கல் முடிந்தும் கறிச்சோறு சுவருக்கு மேலாக வந்துகொண்டே இருந்தது. பூவாத்தாள் காய்ச்சலில் படுத்திருந்தாள், கவனிக்கவில்லை. எழுந்து காட்டுக்குக் கூட்டிப்போன அன்று, நாய் வரப்பிலேயே நாக்கைத் தள்ளி உட்கார்ந்துவிட்டது. தொந்தி விழுந்த வயிற்றைத் தடவிப் பார்த்தவளுக்குக் கண் கலங்கியது.

"பாவம்னு போட்டனுங்க்கா," என்றாள் வேலாத்தாள்.

மகன் தங்கவேலு அதோடு விடவில்லை. வாசலை அடைத்துப் பனியன் மெஷின் போட்டிருந்தான். நாயைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டினான்.

"இனி எதுக்கும்மா ஓடோணும்? காவலுக்குக் கெடக்கட்டும். காடுகாடாத் திரியறீங்கன்னு கம்பெனியில சிரிக்கறாங்க."

"கண்ணு, ஓடற சாதியக் கட்டிப்போட்டா கடிக்கப் பழகும், இல்லாட்டி ஏங்கிச் சாகும்."

"அப்ப அதையும் கூட்டிக்கிட்டுப் பல்லடத்துல மாமன் தோட்டத்துக்கே போயிருங்க!"

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் தோட்டத்தில் ஓட இடம் இருந்தது. மறுநாள் காலை மகனுக்குச் சோறாக்கி மூடிவைத்தாள், இரண்டு சேலையை முடிந்தாள், சங்கிலியைக் கழற்றினாள்.

"மா, பஸ்ஸுல நாயை ஏத்தமாட்டாங்க," என்றான் தங்கவேலு, குரல் இறங்கி.

"நடந்து போறேன் சாமி."

வாசற்படி இறங்கியதும் நாய் முன்னால் இழுத்தது. உடம்பு கனத்ததை அது அறியவில்லை. அவள் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகவே நடந்தாள்.