இரண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாதவர்

அந்த வீட்டு மாடிக்கு நான் குடிவந்தபோது வீட்டுக்காரர் ஓய்வுபெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தீயணைப்பு நிலையத்தில் அலுவலராக இருந்தவர் என்று வீட்டுத் தரகர் சொல்லியிருந்தார். என் கணவருக்குக் குவைத்தில் வேலை. எனக்குத் தஞ்சாவூருக்கு வெளியே ஓர் அரசுப் பள்ளியில். தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஏற்ற வீடு என்று நினைத்து வந்தேன். வந்த மறுநாள் காலையிலேயே வீட்டுக்காரரின் மனைவி படியேறி வந்து ஒரு பெரிய தூக்கு நிறைய சாம்பாரை நீட்டினார்.

"இவ்வளவு எதுக்கும்மா? நான் ஒருத்திதானே?"

"வாங்கி வச்சுக்குங்க டீச்சர். அவருக்கு ரெண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது முழுச் சிரிப்பில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு அங்கேதான் வீட்டுக்கார சார் சமைப்பார். அண்டாக்கள் சுவரோரம் கவிழ்த்துக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடப்பவர்களுக்குச் சாப்பாடு போகும். மழைக்காலத்தில் கரை உடைந்து தண்ணீர் புகுந்த ஊர்களுக்குப் போகும். ஆனால் அவர் மனசு முழுக்க இருந்தது வேறோர் இடத்தில். எங்கேயாவது கூரை வீடு எரிந்துவிட்டால் நிலையத்திலிருந்து பழைய ஆட்கள் போன் செய்வார்கள். அடுத்த நிமிடம் அவர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, அரிசி, பருப்பு, பாத்திரம், கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தீய அணைச்சாச்சுன்னா நாங்க வண்டிய எடுத்துட்டு வந்துருவோம் டீச்சர். தீ விட்டு வச்சத எங்க தண்ணி கெடுத்துரும். அரிசி, புளி, மொளகா எல்லாம் சாம்பலோட சேர்ந்து ஊறிக் கெடக்கும். வீட்டுப் பொம்பளைங்க அடுப்பு இருந்த எடத்தயே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. சர்வீஸ்ல இருந்த வரைக்கும் அத ஓரக்கண்ணால பாத்துட்டு வண்டி ஏறுனவன்தான் நான். வேற என்ன செய்ய முடியும், அடுத்த போன் வந்துரும்."

அந்தச் சித்திரையில் அவர் மனைவிக்கு மூட்டுவலி அதிகம். காய் நறுக்க ஆள் வேண்டும் என்று நான் உடன் போனேன். திருவையாற்றைத் தாண்டி, அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவில் ஒரு தெரு. வரிசையாக மூன்று வீடுகள் கரிந்து கிடந்தன. எங்கும் ஈரச் சாம்பல் வாடை. சார் நேராக ஓர் அம்மாவிடம் போய்க் கைகட்டி நின்றார்.

"சோறு வடிக்கப் போறோம்மா. என்ன கொழம்பு வைக்கட்டும், சொல்லுங்க."

அந்த அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "என்னத்தயாவது வைங்க" என்றார்.

"என்னத்தயாவது வைக்க நான் எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்? இன்னிக்கு நீங்க என்ன வைக்கிறதா இருந்தீங்க?"

அந்த அம்மா வெட்கப்பட்டவர்போல, "கருவாட்டுக் கொழம்பு" என்றார். சார் உடனே வண்டிக்காரரைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு அவர் வைத்த அந்தக் குழம்பைத் தெருவே உட்கார்ந்து சாப்பிட்டது. அந்த அம்மா முதல் கவளத்தை வாயில் வைத்த பிறகுதான் அழத் தொடங்கினார். சார் திரும்பி நின்று பாத்திரம் கழுவினார். அழுகிறவர்களை அவர் பார்க்க மாட்டார்.

அதன்பிறகு விடுமுறை நாட்களில் எல்லாம் அவரோடு போனேன். எத்தனை ஊர், எத்தனை தெரு என்று நினைவில்லை. என்னால் ஆனது காய் நறுக்குவதும் இலை போடுவதும்தான். கணவர் ஊரில் இல்லாத வெறுமையை அந்த வேலை எப்படியோ மறக்கடித்தது.

முதலில் தவறியது உப்பு. ஒருமுறை ரசம் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. வயசாகிறது என்று நினைத்தோம். பிறகு பெருங்காயம் போட வேண்டிய இடத்தில் சோடா மாவு. ஒரு மத்தியானம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போன் வந்துச்சு, கெளம்பணும்" என்று நின்றார். எந்தப் போனும் வரவில்லை. அவர் மனைவி அவரை உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்து உட்காரவைத்தார். படியில் நின்ற என்னிடம் மட்டும், "தூக்கக் கலக்கம் டீச்சர்" என்றார்.

மறு வருடம் பங்குனியில் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு வீடு எரிந்தது. தையல் வேலை செய்து மகளைக் காப்பாற்றி வந்த ஒரு பெண்ணின் வீடு. எல்லாம் போய்விட்டது, தையல் மெஷின் ஒன்றைத் தவிர. அதை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இழுத்து வெளியே போட்டிருந்தார்கள். நாங்கள் போவதற்குள் தெருக்காரர்கள் சேர்ந்து கீற்றால் ஒரு பந்தலும் போட்டு, தாயையும் மகளையும் மெஷினையும் அதன் கீழே உட்காரவைத்திருந்தார்கள்.

கீற்றுக்கு அடியில் அடுப்பு வைக்கவே கூடாது என்பது சாருடைய சட்டம். எந்த ஊருக்குப் போனாலும் வண்டியை விட்டு இறங்கியதும் அவர் வாயில் வரும் முதல் பேச்சு அதுதான். அன்றைக்கு வெயில் கடுமை. நான் அடிபம்பில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால், பந்தல் ஓரத்தில் கீற்றுக்கு அடியிலேயே சார் பற்றவைத்த அடுப்பு. அதன்மேல் அப்பளம் பொரிக்க வைத்த எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துத் திகுதிகுவென்று எரிகிறது. காய்ந்த கீற்று அதை வாங்கிக்கொண்டுவிட்டது.

சார் பக்கத்தில்தான் நின்றார். கையில் ஜல்லிக்கரண்டி. அவர் ஓடவில்லை, கத்தவில்லை. முன்பின் பார்த்திராத ஏதோவொன்றைப் பார்ப்பதுபோலத் தீயைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிக்காரர் பாய்ந்து சிலிண்டரை மூடி இழுத்தார். தாயையும் மகளையும் யாரோ வெளியே இழுத்துப் போட்டார்கள். மண்ணை வாரிக் கொட்டினார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் பந்தல் மெஷின்மேல் சரிந்து விழுந்து எரிந்து முடிந்தது.

அந்தப் பெண் சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. "அதாவது மிஞ்சிச்சேன்னு இருந்தேன் சார்" என்று மட்டும் சொன்னார்.

சார் என் பக்கம் திரும்பினார். "யாரு வீடு டீச்சர் இது? ஃபயர் வண்டிக்குச் சொல்லியாச்சா?"

யாரும் சாப்பிடவில்லை. அரைவேக்காட்டுச் சோற்றோடு அண்டாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழியெல்லாம் அவர் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். தஞ்சாவூரை நெருங்கும்போது, "எல்லாரும் திருப்தியா சாப்ட்டாங்கள்ல?" என்று கேட்டார். வண்டிக்காரர்தான், "சாப்ட்டாங்க சார்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அதிரவில்லை.

"எனக்குத் தெரியும் டீச்சர். உப்பு ரெண்டு தடவ போட ஆரம்பிச்சப்பவே தெரியும். அவரு அந்தப் பக்கம் போனா நான் உருளைக்கெழங்க வெட்டிப் போட்டு உப்ப எடுப்பேன். அதயும் புடுங்கிட்டா மனுஷன் என்னாவாருன்னு பேசாம இருந்துட்டேன்."

மருத்துவர் மறதி நோய் என்றார். மருந்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்குமே தவிரப் போனதைத் திருப்பித் தராது என்றார். சாரின் மனைவி வண்டிக்காரர் மூலமாகப் புதுத் தையல் மெஷின் ஒன்றை ஒரத்தநாட்டுக்கு அனுப்பினார். "வாங்கிக்கிட்டாங்க. ஒண்ணும் பேசல" என்று வண்டிக்காரர் வந்து சொன்னார்.

சிலிண்டர்கள் வீட்டைவிட்டுப் போயின. இரண்டு பேருக்கும் மெஸ்ஸிலிருந்து கேரியரில் சாப்பாடு வந்தது. காலையில் சார் கொட்டகைக்குப் போய் அடுப்பின் குமிழைத் திருகுவார். லைட்டரைத் தட்டுவார். மறுபடி திருகுவார். மாடியில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் எனக்கு அந்த டக் டக் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் மாதங்களில் கோபப்பட்டார், கரண்டியை வீசினார். பிறகு கோபமும் நின்றுபோனது. அதுதான் பார்க்க முடியாததாக இருந்தது.

அடுத்த கோடையிலும் நிலையத்திலிருந்து போன் வந்தது. அந்த அம்மா எடுத்து, "அவரு ஊர்ல இல்லப்பா" என்றார். கூடத்து நாற்காலியில் சார் உட்கார்ந்திருந்தார். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அவர்களும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். நானும் வண்டிக்காரரும் ஒருமுறை ஹோட்டலில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஒரு தெருவுக்குப் போனோம். கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள், வந்துவிட்டோம். அவர் இல்லாமல் அங்கே யாரிடமும் எதுவும் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. பிறகு போகவேயில்லை.

கடைசியில் அவருக்கு விழுங்குவது மறந்துபோனது. வாயில் வைத்த சோறு அப்படியே இருக்கும். மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். மெஸ்ஸிலிருந்து வந்த கஞ்சியை வடிகட்டி, ஆறவைத்து, அந்த அம்மா சிரிஞ்சில் ஏற்றிச் செலுத்துவார். சார் அவர் கையைத் தட்டிவிட்டு, "இந்தம்மா யாரு? வீட்டுக்குப் போகச் சொல்லுங்க" என்று என்னிடம் சொல்வார். என்னை யார் என்று நினைத்தாரோ தெரியாது.

ஐப்பசி மழையில் ஒருநாள் விடியும்போது இறந்துபோனார். வெளிநாட்டில் இருந்த அவர்கள் மகன் வந்து சேர்ந்தார். நிலையத்திலிருந்து சிலர் மாலையோடு வந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள். அவர் சோறு போட்ட தெருக்களிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பேர்கூட அவர்களுக்குத் தெரியாது. சொல்லி அனுப்ப எங்களிடமும் யாருடைய விலாசமும் இல்லை.

காரியம் முடிந்து, மகனோடு போவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் புடவைகளை மடித்துக் கொடுத்தேன்.

"கல்யாணம் ஆனதுலேந்து காத்துக்கிட்டே இருந்தேன் டீச்சர். தீபாவளின்னா தீ, பொங்கல்னா தீ. ரிட்டையர் ஆனா வீட்ல இருப்பாருன்னு நெனச்சேன். அப்பவும் எவன் வீடு எரிஞ்சாலும் ஓடுனாரு. நல்ல காரியம்தான், நான் எப்படித் தடுக்குறது? கடைசில சிலிண்டர எடுத்த பொறகுதான் எனக்குன்னு வீட்ல உக்காந்தாரு. உக்காந்தவரு என்னயத் தெரியலன்னுட்டாரு."

அவர் அழவில்லை. பெட்டியின் ஜிப் சிக்கிக்கொண்டது. இரண்டு பேருமாக இழுத்து மூடினோம்.