‘அனுமதி’யை அழுத்தியது யார்?

இதைக் கதை என்று யாராவது சொன்னால் பிரவீனாவுக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். காஞ்சிபுரத்தில், பட்டப்பகலில், அவளுக்கே நடந்தது இது.

பள்ளிக்கூடக் கணினிகளில் கோளாறு வந்தால் சரிசெய்து கொடுக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. நேரில் அனுப்ப ஆள் கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பள்ளிக் கணினிக்குள் நுழைய வேண்டும். அதற்கு அங்கே இருப்பவர் திரையில் ‘அனுமதி’யை அழுத்த வேண்டும். ஆளில்லாத அறைக் கணினிக்குள் அவளால் நுழையவே முடியாது.

அன்று பங்குனி உத்திரம். ஊருக்கே விடுமுறை. ராஜ வீதியில் மேளம் முழங்க, மாடியறையில் அவள் மட்டும் தனியாக இருந்தாள். பேச்சுத்துணைக்குக்கூட ஆளில்லை. தினமும் எத்தனையோ பேர் போனில் கூப்பிடுவார்கள், கத்துவார்கள். ஒருவரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாள் எல்லாப் பள்ளிகளிலும் கணினித் தேர்வு. தென்னேரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மட்டும் தேர்வுச் செயலியை ஏற்றவே முடியவில்லை. கணினி அணைந்து கிடந்தது. அது சரியாகாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேலாளர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். அந்தப் பள்ளியின் கணினி அறைப் பொறுப்பாசிரியர் சிவராஜ் போனையே எடுக்கவில்லை. அவளுக்கு அழுகை முட்டியது.

மாலை 4:10. அவள் திரையில், பள்ளிப் பட்டியலில் தென்னேரிக்கு நேரே பச்சை விளக்கு எரிந்தது. அங்கே யாரோ கணினியைப் போட்டிருக்கிறார்கள்.

அவசரமாக அனுமதி கேட்டாள். கேட்ட நொடியே கிடைத்தது. சிவராஜ் சார் வந்துவிட்டார் என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டுச் செயலியை ஏற்றினாள். அரட்டைப் பெட்டியில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது...

“சாப்டியாமா?”

இன்னும் இல்லை என்று எழுதினாள்.

கடைசி வேலை, அந்தக் கணினியின் கேமராவைச் சோதிப்பது. திறந்தாள்.

காலி நாற்காலி. பின்னால் சாத்திய கதவு.

திரையில் சுட்டி நகர்ந்தது. அவள் கை மடியில் இருந்தது...

அங்கிருந்து விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது. டக். டக். டக்.

“நான் தெரியுறனாமா?”

பச்சை அணைந்தது.

மறுநாள் தேர்வு ஒழுங்காக நடந்தது. அவள் வேலையும் தப்பியது. மதியம் சிவராஜே கூப்பிட்டு, நேற்று யாரை அனுப்பினீர்கள் என்று கேட்டார். அறைச் சாவி அவர் பையில்தான் இருந்ததாம். அவர் குடும்பத்தோடு திருக்கல்யாணம் பார்த்துக்கொண்டு இருந்தாராம். பிரவீனா நடந்ததைச் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“எனக்கு முன்னாடி மாணிக்கவாசகம் சார்னு ஒருத்தர் இருந்தாருமா. தனிக்கட்டை. பொங்கல் லீவுல அந்த ரூமுக்குள்ள உக்காந்து வேலை பாத்துக்கினு இருந்தப்ப நெஞ்சுவலி. யாராச்சும் வாங்கன்னு உங்க ஆபீசுக்குத்தான் மெசேஜ் போட்டிருக்காரு. லீவுன்னு அங்க யாருமே இல்ல. மூணு நாள் கழிச்சு நாங்க கதவத் தொறந்தோம். அது வரைக்கும் ஸ்கிரீன் எரிஞ்சுக்கினேதான் இருந்துது.”