மாமாவின் இடுப்பில் என் கயிறு

என் தாய்மாமாவின் இடுப்பில் இரண்டு அரைஞாண் கயிறுகள் இருந்தன. ஒன்று அவருடையது. நடுவில் முடிச்சுப் புடைத்துக்கொண்டிருக்கும் இன்னொன்று என்னுடையது. ஜவ்வாது மலையில் அவர் சட்டையில்லாமல் சாமைக்கொல்லையில் நிற்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருப்பிக் கேட்டால் "இருக்கட்டும்டா" என்பார். அம்மா புதிதாக ஒன்று வாங்கி வந்தால் அதையும் கட்ட விடமாட்டார். "அதான் எங்கிட்ட இருக்குதே, எதுக்கு இன்னொன்னு?" கல்யாண வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை, வெற்று இடுப்போடு திரிந்தேன்.

கயிறு அவரிடம் போனது எனக்குத் தூக்கம் கெட்டுப்போன வருஷத்தில். ஷூ கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு காலையில் எனக்கு முன்னால் எழுந்து காத்திருக்கும். பூசாரி வந்து மந்திரித்துவிட்டுப் போனார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மாமாதான் பஸ் ஏற்றிக் கீழே கூட்டிக்கொண்டு போய், டவுன் ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் சேர்த்தார். நோயாளியோடு சொந்தக்காரர் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது அங்கே விதி. அப்பா இல்லாத எனக்கு மாமா வாய்த்தார்.

வாய்த்தார் என்றா சொன்னேன்? அந்த வார்டில் என் நோயைவிட அவர்தான் என்னைப் படுத்தினார். வார்டு முழுக்க மனசு சரியில்லாதவர்கள். அவர்களிடமே போய், "இவனுக்கு மஞ்சக்காமால, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்து என்னைப் பார்த்து "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள், "நல்லா தூங்குறாம்மா, நல்லா துன்றான். மலையில புளி உலுக்கணும், எப்போ அனுப்புவீங்க?" என்பார் மாமா. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து விடிய விடியக் குறட்டை விட்டவருக்கு, மேலே படுத்தவன் கண் மூடவில்லை என்று எப்படித் தெரியும்? டாக்டரம்மாவும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

இதில் கயிற்றுச் சண்டை வேறு. சேர்ந்த அன்றைக்கே, மாமா டீ குடிக்கப் போன நேரத்தில், சிஸ்டர் வந்து பெல்ட், பேன்ட் நாடா எல்லாம் கேட்டு வாங்கினார். அரைஞாண் கயிறு அவிழாததால் கத்தரியால் வெட்டினார். திரும்பி வந்த மாமா டிரேயில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். எங்கள் பக்கம் அந்தக் கயிற்றை அறுப்பது ஒரே ஒரு சமயத்தில்தான், பிணத்தைக் குளிப்பாட்டும்போது. "உயிரோட இருக்கற புள்ளைக்கு அரணாக் கவுற அறுக்கறீங்களே, நீங்கல்லாம் படிச்சவங்களா?" என்று வார்டே அதிரக் கத்தினார். "ரூல்ஸ் பெரியவரே" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் போய்விட்டார். அந்த ரூல்ஸ் எதற்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் முதல் நாள் தனியாக நான் சொன்னதும் அவருக்குத் தெரியாது.

அறுந்த முனைகளை முடிச்சுப் போட்டு, மாத்திரை மயக்கத்தில் கிடந்த எனக்கு அதை மறுபடி கட்டிவிட்டார். அதுவும் மூச்சு முட்ட இறுக்கி. சிஸ்டர் கண்டுபிடித்து அவிழ்த்தார். மாமா மறுபடி கட்டினார். திட்டு முழுக்க எனக்கு. மூன்றாம் முறை கயிற்றோடு அவர் என் சட்டையைத் தூக்கியபோது நான் எழுந்து உட்கார்ந்து கத்திவிட்டேன்.

"எனக்குச் சாகணும்னு தோணுது மாமா! அதுக்குத்தான் கழட்டறாங்க. நீ இன்னாடான்னா கொண்டாந்து கொண்டாந்து கட்டுற!"

பக்கத்துக் கட்டில்காரர் தின்றுகொண்டிருந்த பன்னைக் கீழே வைத்துவிட்டார். மாமா வேட்டியைத் தளர்த்தி, தன் கயிற்றுக்கு மேலேயே என்னுடையதையும் கட்டிக்கொண்டார். "உனக்கு நல்லாவற வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். மறுநாள் டாக்டரம்மா கேட்டபோது பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார்; மூடிக்கொண்டார். "அவனையே கேளும்மா" என்றார். நான் தூங்கவே இல்லை என்று சொன்னேன். மாத்திரை மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக நானும் மாறினேன். மலையில் மாமாவின் புளி உலுக்க ஆளில்லாமல் உதிர்ந்து வீணானது. அதைத் தினமும் சொல்லிப் புலம்பினார். எப்போது அனுப்புவீர்கள் என்று மட்டும் அப்புறம் கேட்கவில்லை.

வீடு திரும்பியும் தொல்லை ஓயவில்லை. தினமும் சாயங்காலம் மாமாவிடமிருந்து போன் வரும்: "மாத்திர போட்டியா?" நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும் கேட்கமாட்டார். வேலை கிடைத்து, நன்றாகத்தான் இருக்கிறேன், கயிற்றைக் கொடு என்று நானாகச் சொன்னாலும் அதே "இருக்கட்டும்டா"தான்.

போன மாதம் மாமாவுக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். இந்த முறை கூட இருந்தது நான். தியேட்டருக்குப் போகுமுன் நர்ஸ் கயிறுகளைக் கழற்றச் சொன்னார். தன்னுடையதை மறுபேச்சில்லாமல் அவிழ்த்து என் கையில் கொடுத்தார். என்னுடையதில் நர்ஸ் கை வைத்ததும் தட்டிவிட்டார். "இது பையனுதும்மா. இத எடுக்கக்கூடாது." ஸ்ட்ரெச்சர் காத்திருக்கிறது, தள்ளுகிறவர் முணுமுணுக்கிறார், இவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மானம் போனது. "குடு மாமா, நான்தான் நல்லா இருக்கேனே" என்றேன்.

"நெஜமாவா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அப்போதுதான். ஆமாம் என்று சொல்லிக் கயிற்றை வாங்கியிருக்கலாம். ஆனால் அது, அவர் அன்றைக்கு டாக்டரம்மாவிடம் 'நல்லா தூங்குறான்' என்று சொன்னதைப் போல் ஆகிவிடும் என்று தோன்றியது.

"எல்லா நாளும் இல்ல மாமா. அந்த நெனப்பு எப்பவாச்சும் வரும். வந்தா டாக்டரம்மாகிட்ட போய்ச் சொல்லிட்றேன். ஆனா எனக்கு உயிரோட இருக்கணும் மாமா."

மாமா தானே முடிச்சை அவிழ்த்தார். என்னைக் கிட்டே இழுத்து, சட்டையைத் தூக்கி, நர்ஸ் பார்க்கப் பார்க்க என் இடுப்பில் கட்டினார்.

"ரொம்ப இறுக்கமா இருக்குது மாமா."

"இருக்கட்டும்டா" என்றார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மாமா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார். இதை எழுதும்போதும் அந்தக் கயிறு இடுப்பை வெட்டுகிறது. நான் தளர்த்தவில்லை.