ஊருக்கு ஒரு கோட்டு

போன வாரம் வேலூரில் ஓர் ஓட்டலில் கை கழுவும் இடத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். இலை எடுக்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தொட்டியில் அந்துருண்டை கிடந்தது, அந்த வாசனைக்குச் சிரித்தேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? இந்த வயதிலும் புது ஆளிடம் பேசுவதென்றால் எனக்குக் கூச்சம். உங்களிடம் சொல்லலாம். அந்துருண்டை வாசனை வந்தால் எனக்கு என் கல்யாணம்தான் ஞாபகம் வரும்.

எண்பதுகளில் எங்கள் மலையூரில் ஒரு தையல் கூடம் இருந்தது. எங்கெங்கோ யார் யாரோ போட்டுக் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மூட்டையைப் பிரித்தால் அந்துருண்டை வாசனை தெருக்கோடி வரை அடிக்கும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து தையலைப் பிரிப்பார்கள். ஒரு கவுன் இரண்டு பாவாடை ஆகும். ஜன்னல் திரை ஜாக்கெட் ஆகும். ஒரு மார்கழியில் எங்கள் ஊர் ஆட்டுக்குட்டிகள்கூடப் பூப்போட்ட சட்டையில் துள்ளித் திரிந்தன. எல்லாம் என் அண்ணி காசியம்மா செய்த வேலை. சிரிக்காமல் அவரால் ஊசிகூடக் கோக்க முடியாது.

ஒரு மூட்டையில் கம்பளிக் கோட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு ஆள் புகலாம், ஆனால் எல்லாம் பூச்சி அரித்தவை. நல்ல பாகங்களை மட்டும் வெட்டியெடுத்து ஒரே ஒரு கோட்டு தைத்தார்கள். உடம்பு கறுப்பு, ஒரு கை பழுப்பு, மறு கை சாம்பல், கழுத்துக்குப் பச்சை வெல்வெட். அது யாருக்கு என்று ஆண்களுக்குள் அடிதடி வரப் பார்த்தது.

"ஒருத்தனுக்கும் கெடையாது. ஊருக்கு" என்று அண்ணி அதை ஆணியில் மாட்டிவிட்டார்.

நல்ல காரியத்துக்கு வெளியூர் போகிறவர் போட்டுக்கொள்ளலாம், வந்ததும் தூசு தட்டி மாட்டிவிட வேண்டும். குண்டனுக்கும் ஒல்லிக்கும் சேரும்படி முதுகில் நாடா வைத்திருந்தார்கள். நாம் கையை விரித்து நிற்க வேண்டும். பின்னால் இரண்டு பெண்கள் பொதி கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டுவார்கள்.

எனக்கும் ஒரு நாள் கட்டினார்கள், காவலூர்ப் பக்கம் பெண் பார்க்க. அதற்கு முன் பார்த்த இடத்தில் நான் வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை ஊமை என்று சொல்லிவிட்டார்கள். இங்கேயும் அப்படி ஆனால் மலை முழுக்க அந்தப் பேச்சு நிலைத்துவிடும், பிறகு எவரும் பெண் தரமாட்டார்கள் என்று அம்மாவுக்கு ஒரே பயம்.

"நீ வாயத் தொறக்காட்டி இன்னா, கோட்டு பேசும், வா" என்று அண்ணி இழுத்துக்கொண்டு போனார். கோட்டுதான் இருக்கிறதே என்று நான் உள்ளே சட்டை போடவில்லை. பனியன் மட்டும்.

பெண் வீட்டில் பெண்ணின் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏண்டி, இந்தக் கோட்டு நம்ம வூட்டுக்கு மூணாவது தபா வருது. ஆளுதான் மாறிக்கினே கீது."

பெண் அமையாமல் திரும்புகிறவர்கள் எந்த வீட்டுக்குப் போனோம் என்று ஊரில் மூச்சுவிட மாட்டார்கள். எங்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணியின் முகத்திலேயே சிரிப்பைக் காணோம். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"அதக் கழட்டச் சொல்லு அத்தே. கோட்டப் பாத்தாச்சு. ஆளப் பாக்கலாம்."

கழற்றுவது அவ்வளவு சுலபமா? நாடா முடிச்சு இறுகிக் கிடந்தது. அண்ணி ஒரு பக்கமும் அத்தை ஒரு பக்கமும் இழுக்க, நான் நடுவில் ஆடினேன். கடைசியில் கோட்டு வந்தது. உள்ளே பனியன். அதுவும் தையல் கூடத்தில் தைத்ததுதான், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து கோதுமை ரவை வந்த சாக்குத் துணியில். எத்தனை வெளுத்தும் அதிலிருந்த படம் போகவில்லை. என் மார்பில் இரண்டு கைகள் ஒன்றையொன்று குலுக்கிக்கொண்டிருந்தன.

"தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே கை குலுக்கிக்கினு வந்துட்டான் பாரு" என்றார் அத்தை.

வீடே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்த சிரிப்பில் கூச்சம் எங்கே போனதோ, "உள்ள நான்தான் கீறேன்" என்று வாயில் வந்துவிட்டது.

"பேசுதுடி இது" என்றார் அத்தை.

"பேசாட்டி இன்னா? சிரிக்குது இல்ல, போதும்" என்றது கதவுக்குப் பின்னால் இருந்த குரல்.

அந்தக் குரலோடுதான் இன்றுவரை குடும்பம் நடத்துகிறேன். கல்யாணத்துக்கும் அதே கோட்டுதான்.

அதற்கப்புறம் சில வருஷம் கழித்து எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவன் பெண் பார்த்துவிட்டு வரும்போது, புழுக்கம் என்று அதைக் கழற்றிப் போளூர் பஸ்ஸில் பைகள் வைக்கும் மேல் தட்டில் போட்டுவிட்டு இறங்கிவிட்டான்.

"பொண்ணு அமைஞ்சிடுச்சு அண்ணி. கோட்டு பூட்ச்சு" என்று வந்து நின்றான்.

"பொண்ணு வேற பாத்துக்கலாம்டா. கோட்டுக்கு எங்கடா போறது?" என்று அண்ணி தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

மூட்டைகள் வருவது நின்று, தையல் கூடமும் மூடிவிட்டது. அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பஸ்ஸைக்கூட இந்நேரம் உடைத்து இரும்புக்குப் போட்டிருப்பார்கள். ஆனாலும் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் என் மனைவி மேல் தட்டை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறாள்.