நாலு நிமிஷ தூரம்

எங்கள் ஜம்புநாதனை உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. டெல்லி ஆர்.கே.புரத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். நான் அடுத்த நாற்காலி. அவன் செய்த ஒரே பெரிய காரியம் வேர்க்கடலை தின்றுகொண்டே செய்தது.

எதிர்க் கட்டடத்து அலுவலகத்துக்கு நாங்கள் அனுப்பும் ஃபைல் போய்ச் சேர மூன்று வாரம். ஏதாவது ஒரு கேள்வியோடு திரும்பி வர இன்னும் மூன்று. நடந்தால் நாலு நிமிஷம். 1977 குளிர்காலத்தில் ஜம்பு ஒரு வழக்கம் ஆரம்பித்தான். புதன்கிழமை மத்தியானம் இரண்டு அலுவலகத்துக் குமாஸ்தாக்களும் புல்தரையில் வெயில் காய வேண்டியது, கடலையை உரித்தபடி ஃபைல்களை மாற்றிக்கொள்ள வேண்டியது. சந்தேகமெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மேலிடத்துக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. பாராட்டியே கெடுத்தார்கள். ‘ஒருங்கிணைப்புக் குழு’ என்று பெயர் வைத்து, பெரிய அதிகாரி ஒருவரைத் தலைவராகப் போட்டார்கள். இனிமேல் குழு கூடித்தான் ஃபைல் கைமாற வேண்டும், யாரும் தானே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. அதை டைப் அடித்தவன் ஜம்பு. தன் யோசனைக்குக் கிடைத்த மரியாதை என்று அசட்டுக்கு அத்தனை சந்தோஷம்! எங்களுக்கெல்லாம் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தான்.

நாலு மாதம் கழித்து அவன் மனைவி காமாக்ஷிக்கு இதய வால்வு பழுது. சென்னையில் சர்க்கார் செலவில் ஆபரேஷன் செய்ய இரண்டு அலுவலகமும் சம்மதிக்க வேண்டும். எங்கள் பக்கம் கையெழுத்தாகிவிட்டது. குழுத் தலைவர் டூரில் இருந்தார். கூட்டம் தள்ளிப்போயிற்று. மறுபடியும் தள்ளிப்போயிற்று.

“ஜல்தி ஃபைலை எடுத்துண்டு ஓடுடா! எதிர் ஆபீஸ் கிளார்க் நல்லசிவம் வாங்கிக்கக் காத்துண்டிருக்கான்” என்று கத்தினேன்.

“என் கையால அடிச்ச உத்தரவுடா. நானே மீறினா நாளைக்கு எவன் மதிப்பான்? வர புதன் கட்டாயம் கூடறதாம்.”

நானாவது பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். 

காமாக்ஷி செவ்வாய்க்கிழமை போய்விட்டாள். புதன்கிழமை குழு கூடியது.

காரியமெல்லாம் முடிந்து ஜம்பு வேலைக்கு வந்த அன்று மேஜைமேல் அந்த ஃபைல் இருந்தது, அனுமதியோடு, சிவப்பு ‘அவசரம்’ சீட்டோடு. தேதி போட்டுப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டான். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். புல்தரையைத் தாண்டி, எதிர்க் கட்டடத்து மாடியேறி, நல்லசிவத்தின் முன்னால் போய் நின்றான்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“நாலு நிமிஷம்கூட ஆகலை, நல்லசிவம்” என்றான். அப்புறம்தான் அழுதான்.