விஞ்ஞானிகளின் அட்டைகளுக்குள் என் பெயர்

எப்படி வந்தாய் என்று கேட்பவர்களை நான் அந்தக் காலத்தில் நம்புவதில்லை. இப்போதும் முழுதாக நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவுக்கு வந்த முதல் வருடத்தில், அந்தக் கேள்வியைக் கேட்டாலே பேச்சை மாற்றிவிடுவேன். கேட்டவர் தமிழராக இருந்தால் இன்னும் வேகமாக மாற்றுவேன்.

பாதர்ஸ்ற் வீதிக் கிழவி முதல் நாளே கேட்டார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் கேட்டார். எந்த வழியாக வந்தீர்கள், எந்த விமான நிலையத்தில் இறங்கினீர்கள், உங்களுக்காக யார் பொறுப்பு நின்றார்கள். எண்பது வயதைத் தாண்டிய, என் தோளுயரம் மட்டுமே வருகிற ஒரு யூதப் பெண்மணி. வீடு கூட்டித் துடைக்க வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? துடைப்பம் எங்கே இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அப்போது நான் ஸ்காபரோவில் பெரியம்மாவின் மகளோடு ஒரு வீட்டின் அடித்தளத்தில், பேஸ்மென்றில் இருந்தேன். அக்கா எனக்கு ஆறு வருடம் முந்தி வந்தவள். தையல் தொழிற்சாலை ஒன்றில் வேலை. என் அகதி வழக்கு விசாரணைக்குக் காத்துக் கிடந்தது. ஷெல்லடியில் கணவர் போன பிறகு, மகளை அம்மாவோடு கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வழக்கு வென்றால்தான் அவளைக் கூப்பிடலாம். தோற்றால் என்னையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில், "அம்மா, கேஸ் முடிஞ்சுதோ?" என்று பெரிய மனுசி மாதிரிக் கேட்பாள்.

அந்த வழக்கில் ஒரு பொய் இருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவள், விஞ்ஞானப் பட்டதாரி. படிவத்திலோ நான் வீட்டிலிருந்து உடுப்புத் தைத்தவள். என் வழக்கைப் பேசவிருந்த லோயரின் அலுவலகத்தில் படிவம் நிரப்பிய அண்ணைதான் அதைச் சொன்னார்.

"தங்கச்சி, படிச்சனான், படிப்பிச்சனான் எண்டு எழுதினால், அப்ப கொழும்பில போய் ஒரு வேலை எடுத்து இருந்திருக்கலாம்தானே எண்டு கேப்பாங்கள். தையல் எண்டு போடுவம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்கள்."

அவர் போட்டார், நான் கையெழுத்து வைத்தேன். அன்றிலிருந்து என் பட்டப்படிப்பு எனக்கு எதிரியாகிவிட்டது. அக்கா தொழிற்சாலையால் வந்ததும் என்னை மெஷினுக்கு முன்னால் இருத்தி, ஓரம் மடிப்பது எப்படி, நூல் அறுந்தால் என்ன செய்வது என்று பரீட்சைக்குத் தயார் செய்வதுபோலச் சொல்லித் தருவாள். எனக்குத் தையல் வரவில்லை. நேர்கோடு என்று நான் தைத்ததெல்லாம் பாம்பு போலப் போனது.

"ஆர் கேட்டாலும் கேஸில உள்ளதைத்தான் சொல்லவேணும், விளங்கிச்சோ? கோயிலில பக்கத்தில நிண்டு கும்பிடுறவ கேட்டாலும் அதுதான்."

"ஓம் அக்கா."

"வெள்ளைக்காரி கேட்டாலும் அதுதான்."

ஆகவே பாதர்ஸ்ற் வீதியிலும் நான் தையற்காரிதான். சொன்னபோது கிழவி என் விரல்களைப் பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கிழமையில் மூன்று நாள் போவேன். பஸ், ரயில், பிறகும் பஸ். இரண்டாம் கிழமை அவருடைய மேசையைத் துடைக்கும்போதுதான் அந்தப் பெட்டியைக் கண்டேன். மரப்பெட்டி. உள்ளே இருநூறு, முந்நூறு அட்டைகள் நெருக்கி அடுக்கியிருந்தன. வெளியில் கிடந்த ஒன்றைத் தூசி துடைக்கிற சாட்டில் படித்தேன். பெயர், பிறந்த நகரம், வந்திறங்கிய துறைமுகம், எந்த அனுமதியில் வந்தார், யார் பொறுப்பு நின்றது, என்ன வேலைக்கென்று வந்தார், உண்மையில் என்ன வேலை தெரிந்தவர்.

உண்மையில் என்ன வேலை தெரிந்தவர்! எங்கள் ஊரில் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தவர்கள் இரண்டு வகை. பங்கீட்டுக் கடைக்காரர் ஒரு வகை. துவக்கோடு வந்த மற்ற வகையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

நான் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார். மறைக்கவில்லை, உட்கார்ந்து விளக்கமே சொன்னார். ஜேர்மனியிலிருந்தும் ஒஸ்திரியாவிலிருந்தும் உயிர் தப்பி இங்கிலாந்துக்கு ஓடிய யூதர்கள் அங்கே விஞ்ஞானத்துக்கு என்ன செய்தார்கள் என்று அவர்களுடைய சமூக மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு அவருடையதாம். பூஞ்சணத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க வழி கண்ட ஒருவர். நரம்பு எப்படித் தசையை இயக்குகிறது என்று காட்டிய ஒருவர். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் பொருளின் வடிவத்தைக் கண்டுபிடிக்க இருபது வருடத்துக்கு மேல் உழைத்த இன்னொருவர். அவரை உலக யுத்தம் தொடங்கியதும் எதிரி நாட்டவன் என்று பிடித்து, கப்பலில் ஏற்றி, கனடாவுக்கு அனுப்பி, கம்பி வேலிக்குள் அடைத்தார்களாம்.

"கனடாவிலா?" என்றேன்.

"கனடாவில்தான். பிறகு திரும்ப அழைத்து நோபல் பரிசும் வாங்கவிட்டார்கள்," என்றார். "அவர்களை எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாதவர்கள்தான் எனக்கு வேண்டும். கண்ணாடிக் குடுவை கழுவியவர்கள், கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள், பெயர் போடாமல் விடப்பட்டவர்கள்."

நல்ல கதை. ஆனால் விஞ்ஞானத்தைப் பற்றி எழுதுபவருக்கு அனுமதிப் பத்திரத்தின் விபரம் எதற்கு? அன்று பின்னேரம் அவர் தொலைபேசியில் யாரிடமோ, "இன்னொருத்தியைக் கண்டுபிடித்துவிட்டேன், வேலைக்காரி என்று சொல்லி உள்ளே வந்தவள்," என்று சந்தோசமாகச் சொல்வதை நான் குளியலறையில் இருந்து கேட்டேன். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"உது ஆள் பிடிக்கிற வேலை," என்றாள் அக்கா, கறியைக் கிளறியபடி. "நீ என்ன சொன்னனீ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"லோயரைப் பற்றி?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் கிழமையே லோயர் அலுவலகத்துக்கு எந்த பஸ் எடுப்பது என்று கிழவியிடம் விசிற்றிங் கார்ட்டைக் காட்டிக் கேட்டிருந்தேன். அவர் வழி சொன்னார். சொல்லிவிட்டு, விலாசத்தைத் தன் கொப்பியில் எழுதியும் வைத்துக்கொண்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்தது தன் தலையில்தான், ஆனால் எனக்குத்தான் வலித்தது.

வேலையை விடலாமென்றால் வேறு வேலை கிடைக்கவில்லை. போனேன். வாயைப் பூட்டிக்கொண்டு போனேன். குளிர்காலத்தில் அவருடைய கண்பார்வை இன்னும் மோசமானது. ஒருநாள் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தட்டச்சுக் கடிதத்தை நீட்டி, வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். தையற்காரி வாசிப்பதுபோல் தட்டித் தடவித்தான் தொடங்கினேன். கடிதத்தின் நடுவில் அலுமினியம் ஒட்சைட்டின் சூத்திரம் வந்தது. அலுமினியம் இரண்டு, ஒட்சிசன் மூன்று என்று வாசித்துவிட்டு மேலே போனேன்.

"நில்லுங்கள்," என்றார். பூதக்கண்ணாடியை எடுத்துக் கடிதத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். "இதில் அலுமினியம் மூன்று, ஒட்சிசன் இரண்டு என்று அடித்திருக்கிறது. தட்டச்சுப் பிழை. நீங்கள் சரியானதை வாசித்தீர்கள்."

பதினொரு வருடம் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திய வாய். என்னைக் கேட்காமலே திருத்திவிட்டது. எனக்கு இங்கிலிஷ் எண்கள் மாறி வரும் என்று உளறினேன். அவர் பூதக்கண்ணாடியை மடித்து வைத்துவிட்டு, தேநீர் வேண்டுமா என்று கேட்டார். சூத்திரத்தைப் பற்றி ஏதாவது கேட்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அடுத்த கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது பெட்டியைத் திறந்தேன். களவுதான், சந்தேகமில்லை. கடைசி அட்டை புது மையில் எழுதப்பட்டிருந்தது. மேலே என் பெயர், எழுத்துப் பிசகாமல். யாழ்ப்பாணம். ரொறன்ரோ. வீட்டு வேலை. அதற்குக் கீழே, உண்மையில் தெரிந்த வேலை என்ற இடத்துக்குப் போகுமுன் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அட்டையை உருவி கோட்டுப் பைக்குள் செருகினேன். வீட்டுக்குப் போகும் வழியில் அதைக் கிழித்து மூன்று பஸ் தரிப்புகளில் மூன்று குப்பைத் தொட்டிகளில் போட்டேன். யாராவது எடுத்து ஒட்டிப் பார்ப்பார்கள் என்று உண்மையாகவே நினைத்தேன். அவ்வளவுக்குப் பயம்.

பிறகு நான் போகவில்லை. நகரத்துக்கு வெளியே பிறம்ரனுக்கு நான் வீடு மாறிப் போய்விட்டதாக அக்கா கிழவிக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது லோயர் அலுவலகத்து அண்ணை கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீர் வேலை செய்த வீட்டுக் கிழவி ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறா. நல்லாத்தான் எழுதியிருக்கு. நேர்மையான பிள்ளை, ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை எண்டு. நீர் தைச்சுக் குடுத்த கேர்ட்டின் எல்லாம் அந்த மாதிரி வடிவு எண்டு. லோயர் ஃபைலில சேர்த்திட்டார்."

"என்ன கேர்ட்டின் அண்ணை?"

"ஜன்னலுக்குப் போடுறதுதான். ஏன், நீர் தைக்கேல்லையோ?"

நான் ஓம், தைத்தேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். நான் அந்த வீட்டில் ஊசியைத் தொட்டதே இல்லை. அதைவிட, அந்த வீட்டு ஜன்னல்களில் திரைச்சீலையே கிடையாது. பிளாஸ்ரிக் தகடுகள்தான், கயிற்றை இழுத்தால் மூடும். ஒவ்வொரு தகடாகத் துடைத்தவள் நான்.

அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. "பொறி வைச்சிருக்கிறாளடி. நீ ஓம் எண்டு சொல்ல, வீட்டை வந்து பாருங்கோ எண்டு அவங்களுக்குச் சொல்லப் போறாள்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. என் அட்டையைக் களவெடுத்ததற்குப் பழி வாங்குகிறார் என்று நினைத்தேன். தைத்தேன் என்று சொன்னால் அவருடைய கையில் என் கழுத்தைக் கொடுப்பதாகும். தைக்கவில்லை என்று சொன்னால் கடிதமும் பொய், தையலும் பொய், அத்தோடு மகளும் லொட்ஜ் அறையிலேயே.

விசாரணை அறையில் முதலில் கதவைத்தான் பார்த்தேன். கிழவி வரவில்லை. விசாரித்தவர் கண்ணாடி போட்ட, களைத்த முகமுள்ள மனிதர். ஊரைப் பற்றி, ஷெல்லைப் பற்றி, கணவரைப் பற்றிக் கேட்டார். அதெல்லாம் உண்மை, அழுதுகொண்டே சொன்னேன். முடியப் போகும் நேரத்தில் கடிதத்தை எடுத்தார்.

"இந்த அம்மையாருக்கு நீங்கள் திரைச்சீலை தைத்துக் கொடுத்தீர்களா?"

மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்துக்குள் ஒரே ஒரு விஷயம்தான் யோசித்தேன். என்னைக் காட்டிக்கொடுக்க விரும்பியிருந்தால் கிழவிக்கு ஒரு வரி போதும்: இவளுக்கு இரசாயனவியல் தெரியும். அந்த வரி கடிதத்தில் இல்லை.

"ஓம், தைச்சுக் குடுத்தனான்," என்றேன்.

அவர் தலையாட்டிக் கடிதத்தை மடித்து வைத்தார். மூன்று கிழமையில் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. மகளுக்குச் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. என்னுடைய பிள்ளைதானே.

"நல்லதுதான், ஆனா அவ ஏன் உப்பிடிச் செய்தவ? என்ன வேணுமாம் அவவுக்கு?" என்றாள் அக்கா. எனக்கும் அதே கேள்விதான். அடுத்த சனிக்கிழமை அக்காவின் அளவு நாடாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பாதர்ஸ்ற் வீதிக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர், "பிறம்ரன் எப்படி?" என்றார்.

"ஏன் அப்படி எழுதினீர்கள்?" என்று வாசலில் நின்றபடியே கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு சொன்னார். அவரும் அப்படித் தப்பி இங்கிலாந்துக்குப் போனது சமையற்காரி என்ற அனுமதியில். இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அதைச் சொன்னால் அனுமதி தரமாட்டார்கள் என்று மறைத்தாராம். யுத்தம் வந்ததும் எதிரி நாட்டவர்களையெல்லாம் விசாரித்தார்கள். அவர் வைத்த சூப்பை அந்த வீட்டு நாய்கூடக் குடிப்பதில்லையாம். ஆனால் வீட்டுக்காரி விசாரணைக்கு ஒரு கடிதம் கொடுத்தார்: மிகச் சிறந்த சமையற்காரி, இவள் இல்லாமல் எங்களால் முடியாது. அந்தக் கடிதத்தால் அடைபடாமல் தப்பி, இரண்டு வருடம் கழித்து ஒரு மருந்து ஆய்வுகூடத்தில் குடுவை கழுவப் போய், பிறகு அங்கேயே முப்பது வருடம் ஆராய்ச்சி; ஓய்வுபெற்ற பிறகுதான் கனடா.

"பெட்டியில் ஒரு அட்டை குறைந்தபோது எனக்கு விளங்கிவிட்டது, நீங்கள் எவ்வளவு பயந்திருக்கிறீர்கள் என்று," என்றார். "அதை எழுதியது என் பிழை. சமையலறைக்குள் ஒளிந்திருந்தவர்களைத் தேடித் தேடி எனக்கு அதே பழக்கமாகிவிட்டது."

நான் எழுந்து திரைச்சீலைக்கு அளவெடுக்க ஜன்னலுக்குப் போனேன். நாடாவின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையோடு நான் கதிரையில் ஏறினேன். இந்த நாட்டில் யாரிடமும் சொல்லாததை மேலே நின்றுகொண்டுதான் சொன்னேன், அவருடைய முகத்தைப் பார்க்காமல்.

"எனக்குத் தைக்கத் தெரியாது. நான் இரசாயனவியல் ஆசிரியை. இது கோணலாகத்தான் வரும்."

அவர் பிளாஸ்ரிக் தகடுகளை விரலால் விலக்கி, கீழே வீதியில் நின்ற ஒரு காரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கோணலாக வந்தாலும் இந்த மாதமே தொங்கவிடுவோம்," என்றார். "யாராவது சரிபார்க்க வந்தால் இருக்கவேண்டுமே."

பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.