முனிராஜ் படத்துக்கு மாலை இல்லை

ஷிப்ட் முடிந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்தபோது முனிராஜின் அம்மா ஜெயம்மா நின்றுகொண்டிருந்தார். உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூருக்குப் பஸ் பிடித்து வந்திருக்கிறார். "இங்கிலீஷ்ல இருக்குது கண்ணு, படிச்சுச் சொல்லு" என்று ஒரு தந்தியை நீட்டினார். வளைகுடாப் போரில் இரண்டு பக்கமும் எண்ணெய்க் கப்பல்களை அடித்துக்கொண்டிருந்த சமயம். முனிராஜ் வேலை பார்த்த கப்பல் குண்டு விழுந்து தீப்பிடித்துவிட்டது, அவனைக் காணவில்லை என்றிருந்தது. தீயைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காணவில்லை என்பதை மட்டும் சொன்னேன்.

நம் பள்ளிக்கூடத்து மலரில் இதைப் படிப்பவர்களில், சாரணர் படையில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராயக்கோட்டை மலைக்கு நடந்து போனோமே, பாதி ஏற்றத்தில் பாஷாவின் செருப்பு அறுந்தது. முனிராஜ் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தான். "என் கால் தோல் கெட்டிடா, ஒண்ணும் ஆவாது" என்று முள்ளில் நடந்தான். மறுநாள் கால் வீங்கிப் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. நாம் சிரித்தோம். இப்போது நினைத்தால் எனக்கு அவன்மேல் கோபம்தான் வருகிறது.

ஐ.டி.ஐ. முடித்துச் சில காலம் என் பக்கத்து மெஷினில்தான் நின்றான். பிறகு கப்பலில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. "ஏரியைத் தாண்டித் தண்ணியைப் பார்த்ததில்ல, நீ கடலுக்குப் போறியா?" என்று கேலி செய்தேன். "கிணத்துல கத்த நீச்சல் கடல்ல மறந்துடுமா?" என்றான்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். பேசிய பெரியவர் ஒருவர், "தன் லைஃப் ஜாக்கெட்டை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பான் நம் முனிராஜ்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயம்மா எழுந்தார்.

"யாரு பார்த்தாங்க?"

யாரும் பார்க்கவில்லை. அவர் நேரே போய்ப் படத்திலிருந்த மாலையைக் கழற்றினார். "ஜாக்கெட் போட்டிருந்தான்னு கப்பல்காரங்க சொன்னாங்க. ஏதாச்சும் படகு தூக்கியிருக்கும். எந்த ஊர் ஜெயில்லயோ புடிச்சு வெச்சிருப்பாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீ அவனோட திரிஞ்சவன். சொல்லு கண்ணு, அவன் கழட்டிக் குடுத்திருப்பானா?"

"குடுத்திருக்க மாட்டான்மா. இறுக்கிக் கட்டியிருப்பான்" என்றேன். பாஷா தலையைக் குனிந்துகொண்டான்.

அதன் பிறகும் கம்பெனி கேட்டுக்கு வந்து அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். முகம் தெளிந்து பஸ் ஏறிப் போனார்.

அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு குரல்தான். யாரும் கேட்டிராத குரல். "எனக்குத்தான் நீச்சல் தெரியுமேடா, நீ போட்டுக்கோ" என்கிறது. அப்படித்தான் சொல்லியிருப்பான், பாவி. உங்களுக்கும் அது தெரியும்.

ஜெயம்மாவுக்குத் தெலுங்கு மட்டும்தான் வாசிக்க வரும். அந்தத் தைரியத்தில் எழுதிவிட்டேன். உத்தனப்பள்ளிப் பக்கம் போகிறவர்கள் யாரும் இதை அவருக்குப் படித்துக் காட்டிவிட வேண்டாம்.